பின்னாடி எத்தனை பேர்?

பெற்ற பிள்ளையின் விலை மூன்றே சொல். "பின்னாடி பொண்ணு வர்றா." மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் அந்த மூன்றையும் மிச்சம் பிடித்தார்.

மிச்சம் பிடிப்பது அவருக்குக் கைவந்த கலை. வாடிக்கையாளர் சட்டகத்தைக் கையில் எடுக்கும்போதே அவர் பையில் எவ்வளவு இருக்கிறது என்று கண்ணாலேயே எடை போட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமையும் அந்தப் புத்தி ஓய்வெடுக்காது. ஒன்பது வயது மகளுக்கு வாங்கிக்கொடுத்த சைக்கிள் வீட்டில் சும்மா கிடக்கிறதே என்றுதான் அன்று மாலை அவளைக் கூட்டிக்கொண்டு பழைய ரயில் தடத்துக்கு வந்தார்.

தண்டவாளத்தைப் பிடுங்கிவிட்டுச் சரளை கொட்டி எல்லோருக்கும் பொதுவாக்கிய பாதை அது. நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், எப்போதாவது குதிரையில் வருபவர்கள். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். வாசலில் பெரிய பலகை: இடது ஓரமாகப் போகவும். எதிரே ஆள் வந்தால், உங்கள் பின்னால் உங்களவர் எத்தனை பேர் என்று சொல்லவும். கடைசியில் வருபவர் 'நான்தான் கடைசி' என்று சொல்லவும்.

அதைக் கேட்டபிறகுதான் ஒதுங்கி நிற்பவர் மறுபடி பாதைக்கு வருவார். அவ்வளவு குறுகலான பாதை.

"இதெல்லாம் யாருப்பா சொல்லுவாங்க?" என்றாள் மகள்.

"வேலைவெட்டி இல்லாதவங்க. நீ மிதி. ஆறு மணிக்குக் கேட்டைப் பூட்டிடுவான்."

திரும்பி வரும்போது வானம் கறுத்துவிட்டது. புது ரெயின்கோட்டை மாட்டிக்கொண்ட மகள் பின்தங்கினாள். நிமிஷத்துக்கு நாலு தடவை மணியை அடித்தாள்.

"யாரும்மா இருக்கா இங்க, வழி விடுறதுக்கு?"

"நான் இருக்கேன்னு உங்களுக்குத் தெரியணும்ல!"

"தெரியுது, தெரியுது. ஊருக்கே தெரியுது. மிதி!"

சுரங்கம் வந்தது. முந்நூறு அடி இருக்கும். உள்ளே ஈர இரும்பு வாசனை, அணைந்த கரி வாசனை. கூரையிலிருந்து சொட்டு, சொட்டு. பின்னால், தூரத்தில், மகளின் மணி.

நடுவழியில் எதிரே யாரோ வந்தார்கள். வெளிச்சம் இல்லை. சரளை நெரியும் சத்தமும் இல்லை. குரல் மட்டும், மிக மரியாதையாக.

"பின்னாடி எத்தனை பேருங்க?"

அவருக்கு மூச்சு வாங்கியது. மகளோ ரொம்பப் பின்னால். விளக்கிச் சொல்ல நின்றால் மிதித்த வேகம் போய்விடும்.

"யாருமில்ல. நான் மட்டும்தான்."

"அப்ப சரி."

அவர் தோளை உரசிக்கொண்டு ஒரு குளிர் கடந்து போனது.

மணிச் சத்தம் நின்றது.

வெளியே வந்து காத்திருந்தார். மழை பிடித்தது. நூறு வரை எண்ணினார். இருநூறு வரை எண்ணினார். முந்நூறில் சைக்கிளைக் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடினார்.

"குட்டி! அப்பா இங்கதான் இருக்கேன்! விளையாடாதம்மா!"

மகளின் சைக்கிள் இடது சுவரோரம் ஒழுங்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. விளக்கு எரிந்தது. பின்சக்கரம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

அவள் இல்லை.

அந்தக் கோடிவரை ஓடினார். திரும்பி ஓடிவந்தார். சுவரைத் தடவினார், தரையைத் துழாவினார், பெயர் சொல்லிக் கத்திக் கத்தித் தொண்டை கிழிந்தது. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை.

"ஓரமா நில்லுங்க." அதே குரல். "நாங்க பதினொரு பேர்."

சைக்கிளின் விளக்கு அணைந்தது. அவர் முதுகு தானாகச் சுவரில் ஒட்டிக்கொண்டது.

கடந்து போனார்கள். காலடி இல்லை, டயர் சத்தம் இல்லை. ஒவ்வொருவருக்கும் முகத்தில் ஒரு குளிர்காற்று, அவ்வளவுதான். ஒன்றில் நனைந்த கம்பளி நாறியது. ஒன்றில் குதிரையின் வியர்வை. விரல்விட்டு எண்ணினார். எட்டு. ஒன்பது. பத்து.

பதினொன்றில் புது ரெயின்கோட்டின் ரப்பர் வாசனை.

பாய்ந்து பிடித்தார். கைக்குள் சின்னத் தோள், ஐஸ் கட்டி மாதிரி.

"விடுங்க," என்று கிசுகிசுத்தாள் மகள். "யாரோட வந்தேன்னு கேட்டாங்க. உங்களோடன்னு சொன்னேன். நீங்க இல்லன்னு சொல்லிட்டீங்களாமே."

"என் பொண்ணு!" அவர் இருட்டைப் பார்த்து அலறினார். "என் பின்னாடி வந்தவ! பொய் சொல்லிட்டேங்க! சோம்பல்ல சொல்லிட்டேன்!"

"சொன்னது சொன்னதுதான். இங்க திரும்ப வாங்குறதில்லை."

இதே வாசகத்தை அவர் கடைச்சுவரில் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார். எத்தனை பேரிடம் சிரித்துக்கொண்டே அதைச் சுட்டிக் காட்டியிருக்கிறார்!

தோள் கையிலிருந்து நழுவியது. மறுபக்கம் யாரோ அவசரமே இல்லாமல் இழுத்தார்கள்.

"கடையை வச்சுக்குங்க! என் கண்ணைக்கூட எடுத்துக்குங்க!"

இழுப்பு நிற்கவில்லை.

வாழ்நாளில் முதல்முறையாக அவர் பேரம் பேசாமல் முழு விலையைச் சொன்னார்.

"அவளுக்குப் பதிலா நான் வர்றேன்."

இழுப்பு நின்றது.

"அப்ப சரி."

மகள் அவர் மார்பில் வந்து விழுந்தாள். சூடாக இருந்தாள். அழுதாள். அவளைத் தூக்கி அவள் சைக்கிளில் உட்காரவைத்து, வெளியே தள்ளிக்கொண்டே ஓடினார். மழையில் கிடந்த தன் சைக்கிளை எடுத்தார்.

"நீ முன்னாடி போ. திரும்பிப் பார்க்காத. உன் பின்னாடியே அப்பா இருக்கேன்."

யாரும் அவரைப் பிடிக்கவில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. இருட்டில் சொன்னதெல்லாம் செல்லாது போலிருக்கிறது என்று ஒரு கணம் அவருக்கு நப்பாசை எழுந்தது.

பாதையின் வாசலுக்கு அருகில் ஒரு பெரியவர் நாயோடு எதிரே வந்தார். சைக்கிளைப் பார்த்ததும் நாயின் கயிற்றைக் குறுக்கிப் பிடித்து ஓரமாக நின்றார்.

"பின்னாடி எத்தனை பேரும்மா?"

மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

"பதினொரு பேர், தாத்தா."

"இந்த மழையில அவ்வளவு பேரா!" பெரியவர் சிரித்தார்.

"இல்லைங்க, நான் மட்டும்தான்!" என்று கத்தினார் கடைக்காரர். "நான்தான் கடைசி! நான்தான் கடைசி!"

பெரியவருக்குக் காது கேட்டதாகத் தெரியவில்லை. நாய் வாலை இடுக்கிக்கொண்டு அவர் காலுக்குள் புகுந்தது. முன்னால் மகளின் சக்கரத்தில் சரளை நறநறத்தது. தன் சக்கரத்தின் அடியில் என்ன கேட்கிறது என்று கடைக்காரர் காது கொடுத்தார்.

ஒன்றுமே கேட்கவில்லை.

"ஒண்ணு," என்றார் பெரியவர், கடைக்காரர் கடந்தபோது. முகத்தில் காற்று பட்டவர்போலக் கண்ணைச் சுருக்கினார்.

"குட்டி!" என்று கூப்பிட்டார் கடைக்காரர். மகள் திரும்பவில்லை. திரும்பாதே என்று சொன்னவர் அவர்தானே.

"ரெண்டு," என்றது முதுகுக்குப் பின்னால் பெரியவரின் குரல். அதில் சிரிப்பு போயிருந்தது. "மூணு… நாலு…"

மகள் வாசலைத் தாண்டி, விளக்குக் கம்பத்தின் வெளிச்சத்துக்குள் போனாள். அவர் எவ்வளவு மிதித்தும் வாசல் பக்கத்தில் வரவில்லை.

"ஒன்பது… பத்து…"

பதினொன்று. கணக்கு நேர்.