கனமில்லாத காலடிகள்

வண்டி புதைந்தேவிட்டது.

தர்ஃபா ஆக்சிலேட்டரை இன்னொரு மிதி மிதித்தாள். பின்சக்கரங்கள் 'விர்ர்ர்...' என்று சுற்றி, சிவப்பு மணலுக்குள் இன்னும் நான்கு விரல் ஆழம் இறங்கின. ஜோர்டான் பாலைவனத்து ரம் பள்ளத்தாக்கிலேயே பிறந்து, ஒன்பது வயதில் அப்பாவின் மடியில் உட்கார்ந்து ஸ்டியரிங் பிடித்தவள் அவள். அவள் போய் காளான் பாறைக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், வண்டியைப் புதைத்துக்கொண்டாள் என்று ஊருக்குத் தெரிந்தால்... மானம் கப்பலேறிவிடும்!

பின்னால் ஒரு முழு ஆட்டின் கறி இருந்தது. நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்னால் அதைக் குழியடுப்பில் இறக்கி மண்ணைப் போட்டு மூடினால்தான், சாயங்காலம் அப்பா நடத்தும் சுற்றுலாக் கூடாரத்துக்கு வரும் விருந்தினர்களுக்குச் சோறு. அவள் இறங்கி, முகத்துணியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கைகளால் மணலைத் தோண்ட ஆரம்பித்தாள்.

'யா ரப்பே... யாரும் பார்க்கக்கூடாது...'

"டயர்ல காத்தைக் கொஞ்சம் இறக்கணும்."

குரல் தலைக்கு மேலிருந்து வந்தது. நிமிர்ந்தாள். ஒரு வெள்ளை ஒட்டகம். அதன்மேல், ஒரு காலை மடித்துப் போட்டு, ஏதோ தன் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருப்பதுபோல் ஓர் இளைஞன்.

"தெரியும்" என்றாள்.

"தெரிஞ்சா சரி."

அவள் காற்றை இறக்கினாள். மறுபடி தோண்டினாள். அவன் போகவில்லை. ஒட்டகம் அசை போட்டபடி அவளையே பார்த்தது. அவனும்தான்.

"என்ன பார்வை? இங்க கூத்தா நடக்குது?"

"நான் பாக்கலியே. நஜ்லாதான் பாக்குறா."

"அவளை அந்தப் பக்கம் திருப்புங்க."

"திரும்ப மாட்டா. அழகா எதையாச்சும் பாத்துட்டா அவ்வளவுதான்... பிடிவாதம். எங்க வீட்டு வளர்ப்பு."

தர்ஃபாவின் காது சூடானது. நல்லவேளை, முகத்துணி இருந்தது. ஆனால் கண்களுக்குத் துணி இல்லையே! அவன் பார்த்ததும் அந்தக் கண்களைத்தான்... மை கலைந்து, இமையோரம் மணல் ஒட்டி, கோபத்தில் இன்னும் பெரிதாகியிருந்த கண்கள்.

"சக்கரத்துக்கு அடியில ஏதாச்சும் வைக்கணும். என் சேணத்துப் போர்வை தரேன், வச்சுக்கோங்க" என்றான், இம்முறை விளையாட்டில்லாமல்.

"உங்க போர்வை எனக்கெதுக்கு?"

சொன்ன வேகத்தில் தன் தோல் செருப்புகளைக் கழற்றினாள். சக்கரத்துக்கொன்றாக இரண்டு பின்சக்கரங்களுக்கும் அடியில் திணித்தாள். வெறுங்காலோடு ஏறி ஒரே மிதி! வண்டி துள்ளி எழுந்து, மணலைச் சிதறடித்துக்கொண்டு பாய்ந்தது.

அப்போதுதான் உறைத்தது. புதைந்து எழுந்த வண்டியை நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் மறுபடி புதையும். செருப்பு...?

"ஏய்... செருப்பு! செருப்பு!"

கண்ணாடியில் பார்த்தாள். கைக்கொரு செருப்பைத் தூக்கிக்கொண்டு, மணல் புழுதிக்கு நடுவே அவன் ஓடி வந்து, மூச்சிரைக்க நின்றான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வீடு வரைக்கும் சிரித்தாள். இரவு படுத்த பிறகும்... காரணமில்லாமல் ஒரு தடவை.

மறுநாள் செருப்பைத் தேடிப் போனபோது செருப்பும் இல்லை, ஆளும் இல்லை. தடம் மட்டும் இருந்தது.

அந்த மண்ணில் முகத்தை மறைக்கலாம். காலடியை மறைக்க முடியாது. இது பக்கத்து வீட்டு ஆடு, இது மாமன் மகனின் நடை, இவள் பிள்ளை சுமக்கிறாள், இவன் ராத்திரி தூங்கவில்லை... எல்லாவற்றையும் மணலே சொல்லிவிடும். நஜ்லாவின் இடது முன்கால் தடத்தில் பிறைபோல் ஒரு தழும்பு. அதைப் பார்த்ததும் தர்ஃபாவுக்கு யாரென்று புரிந்துவிட்டது.

பக்கத்து திஸே ஊர்க்காரன். அபூ சுவைலிம் வீட்டு ஒட்டகம். மூத்த மகன் பெயரோடு 'அபூ' சேர்த்துத்தான் அப்பாவைக் கூப்பிடுவார்கள்; அப்படியானால் அவன்... சுவைலிம்.

போயும் போயும் அந்த வீடா!

ஐந்து வருடத்துக்கு முன் ஓர் ஒட்டகப் பந்தயம். அபூ சுவைலிமின் ஒட்டகம் தர்ஃபா வீட்டு ஒட்டகத்தை ஒரு தலை முந்தி ஜெயித்தது. "கொடி விழறதுக்கு முன்னாடியே ஒட்டகத்தைக் கிளப்பிட்டான், திருடன்!" என்று தர்ஃபாவின் அப்பா ஊரறியக் கத்தினார். அன்றோடு இரண்டு வீட்டுக்கும் சலாம்கூட இல்லை. ஆண்பிள்ளை இல்லாத அவரை ஊரே அபூ தர்ஃபா என்றுதான் கூப்பிடும். தாயில்லாமல் வளர்ந்த ஒரே மகள்மேல் உயிரையே வைத்திருந்தார். ஆனால் ரோஷம் என்று வந்துவிட்டால் மனிதர் பாறை.

மூன்றாம் நாள் விடியலில், கூடாரங்களுக்கு வெளியே, வளைவுப் பாறைக்கு அடியில், பிறைத்தழும்புத் தடம்!

தர்ஃபா சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து படித்தாள். இங்கே இறங்கியிருக்கிறான்... இங்கே நின்றிருக்கிறான். குதிகால் ஆழமாக இருக்கிறது... வெகுநேரம் நின்றிருக்கிறான். இங்கே இரண்டடி முன்னால் வந்து, தயங்கி, பின்னால் போயிருக்கிறான். கூடார எல்லைக்கு அப்பா அடுக்கி வைத்த கல்வரிசையை மட்டும் அவன் தாண்டவில்லை.

மறுநாளும் தடம். அதற்கு மறுநாளும்.

அவள் பேசவில்லை, தேடிப் போகவில்லை. படித்தாள்... அவ்வளவுதான். விருந்தினர்களுக்கு ரொட்டி சுடும் முன், தேநீர் வைக்கும் முன், முதல் வேலை அதுதான். ஒருநாள் தடம் தள்ளாடியது. காய்ச்சலோ என்று அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ஒருநாள் காற்று முந்திக்கொண்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டது. அந்தக் காற்றை அவள் வைத வசவு இருக்கிறதே!

"தினமும் இங்க வந்து குனிஞ்சு குனிஞ்சு பாக்குறியே... எதையாவது தொலைச்சிட்டியா?" என்று கூடாரத்தில் தங்கியிருந்த ஜெர்மன் பாட்டியம்மா ஒருத்தி கேட்டாள்.

"ஆமா" என்றாள் தர்ஃபா. "கிடைக்குமான்னு தெரியல."

இதற்கு நடுவில் அகபா நகரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. அப்பாவின் சிநேகிதருடைய மகன். கடற்கரையில் மீன் ஹோட்டல். நல்ல பையன்தான், குறை சொல்ல எதுவுமில்லை.

"வியாழக்கிழமை பதில் சொல்லணும்மா. என்ன சொல்லட்டும்?" என்று கேட்டார் அப்பா.

"யோசிக்கிறேன், யாபா..."

என்னத்தை யோசிப்பது? யோசிக்க யோசிக்க வெள்ளை ஒட்டகம்தான் வந்து நின்றது. திங்கட்கிழமை, வெட்கத்தை விட்டு, வெறுங்காலோடு கல்வரிசை வரை போனாள். அவன் நின்ற இடத்தைப் பார்த்தபடி எதிரே நின்றாள். தன் இரண்டு பாதங்களையும் மணலில் நன்றாக அழுத்திப் பதித்துவிட்டு ஓடிவந்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை... அவன் வந்திருந்தான்.

தனியாக இல்லை.

அவன் காலடிக்குப் பக்கத்தில் ஒரு பெண்ணின் செருப்புத் தடம். ஒட்டி ஒட்டி. அவன் நின்ற இடத்தில் அவளும் நின்றிருந்தாள். அவன் நடந்த ஆறு அடியும் அவளும் கூடவே நடந்திருந்தாள்.

யார் அவள்? கட்டிக்கொள்ளப் போகிறவளா? 'பாரு, இவதான் உனக்குப் பதில்' என்று காட்டத்தான் கூட்டிக்கொண்டு வந்தானா? ஊரில் எல்லார் காலடியும் தெரிந்த தர்ஃபாவுக்கு அந்தத் தடம் யாருடையதென்று தெரியவில்லை. கண்ணில் நீர் முட்டியபோது எந்தத் தடம்தான் தெரியும்! காலாலேயே தேய்த்து அழித்தாள், தன் பாதச் சுவடுகளையும் சேர்த்து.

"யாபா, அகபாவுக்குச் சரின்னு சொல்லிடுங்க."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். "சரி" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் மழை வந்தது. அந்த வருடத்தின் முதல் மழை. மெழுகாய் உருகி வழிந்து நின்ற பாறைகளெல்லாம் கறுத்து, அவற்றின் மடிப்புகளில் நீர் வெள்ளிக்கோடாக இறங்கியது. விருந்தினர்கள் கூத்தாடினார்கள். தர்ஃபா சமையல் கூடாரத்தின் துணிவாசலில் நின்று கை நீட்டினாள். எத்தனை மாதம் காத்திருந்த மழை... நனையக்கூடத் தோன்றவில்லை. 'எனக்கு அவன்தான் வேணும்' என்று மனசு அழுதது. வாய்விட்டுச் சொல்ல யாருமில்லை, சொல்லவும் இனி உரிமையில்லை.

வியாழன் காலை. அபூ தர்ஃபா நல்ல அங்கியை மாட்டிக்கொண்டு, தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு வண்டியை நோக்கி நடந்தார். கல்வரிசைப் பக்கம் போனவர், அப்படியே நின்றார்.

"தர்ஃபா! இங்க வா."

 போனாள். ஈர மணலில் அச்சடித்ததுபோல் பிறைத்தழும்பு. அவன் காலடி. பக்கத்திலேயே... அந்தச் செருப்புக்காரி. இன்றைக்குமா!

"இது யார் வீட்டு ஒட்டகம்?"

"தெரியல, யாபா..."

"என்கிட்டப் பொய் சொல்ல நான் என்ன டூரிஸ்டா? அபூ சுவைலிம் வீட்டு ஒட்டகம். நாப்பது நாளா வருது. முதல் நாள்லேருந்து நானும் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

"தெரிஞ்சுமா... சும்மா இருந்தீங்க?"

"கல்லைத் தாண்டட்டும், காலை ஒடிக்கலாம்னு காத்திருந்தேன். படுபாவி... ஒரு நாள்கூடத் தாண்டல." அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றமே அதிகம் இருந்தது.

தர்ஃபாவால் அதற்குமேல் அடக்க முடியவில்லை. "அவரைப் பத்தி எதுக்கு இப்பப் பேச்சு? அதான் பக்கத்துலயே ஒருத்தியைக் கூட்டிட்டு வந்து நிக்க வச்சிருக்காரே, பாருங்க!"

"ஒருத்தியா? எவ?"

அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். அந்தச் செருப்புத் தடத்துக்குள் விரலை வைத்தார். பிறகு அவன் தடத்துக்குள் வைத்தார்.

"அவன் கால் ஒரு விரல் ஆழம். இது நகக்கண் அளவுகூட இல்ல. இந்த ஈர மண்ணுல ஒரு நரிக்குட்டி நடந்தாக்கூட இதைவிட அழுந்தும். குதிகால் அழுந்தல, விரல் மண்ணைத் தள்ளல. இதுக்குள்ள யாரும் நிக்கவே இல்லைம்மா. செருப்பைக் கையில வச்சு அழுத்தியிருக்கான். இந்தா, மண்டியிட்ட முழங்கால் தடம்."

தர்ஃபாவும் பக்கத்தில் குந்திப் பார்த்தாள்.

"இடது செருப்புல கட்டைவிரல் பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு பாரு. இப்படித் தேச்சுத் தேச்சு நடக்கிற கழுதை எனக்குத் தெரிஞ்சு ஒண்ணே ஒண்ணுதான். அதை நான்தான் பெத்தேன்."

அவளுடைய செருப்பு! ஊரார் காலடியெல்லாம் தெரியும்... தன் காலடியை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

அபூ தர்ஃபா அங்கேயே ஒரு கல்லின்மேல் உட்கார்ந்தார். 

"அந்தப் பந்தயத்துல அவங்க ஒட்டகம்தான் ஜெயிச்சது" என்றார் திடீரென்று.

"யாபா?"

"அன்னிக்குச் சாயங்காலமே தனியாப் போய்த் தடத்தைப் பாத்தேன். முந்திக் கிளம்பல. ரெண்டு ஒட்டகமும் ஒரே நேரத்துலதான் கிளம்பியிருக்கு. கத்தின வாயால மாத்திச் சொல்ல முடியல... அஞ்சு வருஷமா." கையில் ஒட்டிய மணலைத் தட்டினார். "அகபாவுக்கு நானே போய்ப் பக்குவமாச் சொல்லிக்கிறேன். நீ முதல்ல போய் உன் செருப்பை வாங்கிட்டு வா. என் பொண்ணு செருப்பு எவனோ ஒருத்தன் சேணப்பையில கிடந்தா எனக்குத்தானே அசிங்கம்!"

"திஸேவுக்கா... இப்பவா?"

"எதுக்கு திஸே? கண்ணைத் தொடச்சிட்டுப் படி. வந்த தடம் இருக்கு. போன தடம் எங்க?"

அவர் சொல்லிவிட்டு முதுகைத் திருப்பிக்கொண்டு, கூப்பிடு தூரத்தில் காபிக்குச் சுள்ளி அடுக்க ஆரம்பித்தார்.

வளைவுப் பாறையின் மறுபக்கம் அவன் நின்றிருந்தான். முழங்காலில் ஈர மணல். கையில் அந்தச் செருப்புகள். அவளைக் கண்டதும் நஜ்லாதான் முதலில் கனைத்தாள்.

"என் செருப்பு" என்றாள் தர்ஃபா. கையை நீட்டினாள்.

"இந்தாங்க..."

"நாப்பது நாள் வச்சிருந்துட்டு 'இந்தாங்க'வா?"

"முதல் நாளே குடுக்கத்தான் வந்தேன். குடுத்துட்டா... மறுநாள் வர என்ன சாக்கு?" அவன் தலை குனிந்தான். "திங்கட்கிழமை ராத்திரி வெறுங்கால் தடம் பாத்தேன். எனக்குப் பைத்தியமே பிடிச்சிருச்சு. நீங்க பக்கத்துல நடந்து வந்தா எப்படி இருக்கும்னு... ஒரே ஒரு தடவை பாக்கணும்னு இருந்துச்சு. வச்சுப் பாத்தேன். மறுநாள் வந்தா எல்லாம் அழிஞ்சு கிடக்கு. காத்து அழிச்சதுன்னு நினைக்க ஆசைதான்... அது காத்து இல்லன்னு எனக்குப் படிக்கத் தெரியுமே."

"யாரோ ஒருத்தின்னு நினைச்சேன்" என்றாள். கண்ணில் மறுபடி நீர்.

"யாரோ ஒருத்தியா! இன்னிக்கு அகபாவுக்குப் பதில் போகுதுன்னு ஊருல பேசிக்கிட்டாங்க. போக மனசு வரல. விரட்டினாலும் பரவாயில்ல, வாயால ஒரு தடவை சொல்லிடணும்னு நின்னுட்டேன்." அவன் நிமிர்ந்தான். "எனக்கு நீங்கதான் வேணும், தர்ஃபா. அன்னிக்கு அழகுன்னு பாத்தது நஜ்லா இல்ல."

 அவள் செருப்புகளை வாங்கி, மணலில் வைத்து, காலை நுழைத்தாள். அவன் பக்கத்தில் வந்து நின்றாள். ஆறு அடி... அவனும் தானாகவே கூட நடந்தான். கல்வரிசை வந்ததும் பழக்கம் மாறாமல் அவன் நின்றுவிட்டான்.

"காபி ஆறுது! அங்க என்ன கல்லை எண்ணிட்டு நிக்கிறான் அந்தப் பையன்?" அப்பாவின் குரல், திரும்பாத முதுகிலிருந்து வந்தது.

தர்ஃபா திரும்பித் தரையைக் காட்டினாள். அவன் தடத்தை ஒட்டி அவள் தடம். இடது கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் தேய்ந்து, குதிகால் நன்றாக அழுந்தி.

"பாத்துக்கோங்க" என்றாள், முகத்துணிக்குள் சிரித்துக்கொண்டு. "இது நீங்க வச்சது இல்ல. நானே வச்சது."