மூன்றாவது கை

வீப்கேவுக்குப் பத்து வயது. ஆர்கன் வாசிக்க அவளுக்குத் தெரியாது. இருந்தாலும் ஆர்கனுக்கு ஒரு பாட்டு எழுதிவிட்டாள்.

எல்லாம் கணினி கொடுத்த தைரியம். எங்கோ ஒரு பெரிய தேவாலயத்து ஆர்கனின் ஒவ்வொரு குழாயையும் தனித்தனியாக ஒலிக்கவைத்துப் பதிவுசெய்து, அதற்குள் அடைத்திருந்தார்கள். திரையில் ஒரு புள்ளி வைத்தால் ஒரு மெல்லிய குழாய் பாடும். இன்னொரு புள்ளி வைத்தால் ஒரு தடித்த குழாய் உறுமும். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டால் அவள் உட்கார்ந்திருக்கும் சமையலறையே மறந்துபோகும். கூரை உயரே உயரே போகும். வயல்வெளி மூடுபனி ஜன்னல் வழியாக வந்து, பக்கத்தில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும்.

பாட்டு அவளுடைய தம்பி ஓக்கோவுக்காக. இரண்டு மாதம் முன்னதாகவே அவசரப்பட்டுப் பிறந்தவன் அவன். ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு ஞானஸ்நானம். அன்று தேவாலயத்தில் இந்தப் பாட்டு ஒலித்தே ஆகவேண்டும் என்று வீப்கே முடிவு கட்டியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் பாட்டு எழுதிய தாள்களோடு தேவாலய மாடிக்கு ஓடினாள். ஊரின் தபால்காரர் ஹின்ரிக்தான் ஞாயிறுதோறும் அங்கே ஆர்கன் வாசிப்பவர். தபால்காரரின் மஞ்சள் சீருடையைக்கூட மாற்றாமல் காத்திருந்தார்.

“மொய்ன், ஹின்ரிக் மாமா!” என்று வணக்கம் சொன்னாள்.

“மொய்ன், மொய்ன். எங்க, குடு பாக்கலாம்.”

தாளைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“வீப்கே, இத எழுதும்போது எனக்கு எத்தனை கைன்னு நெனச்சே?”

“ரெண்டுதானே?”

“அப்ப மேல ஒரு சுரம் ஆரம்பிச்சு, கடைசி வரைக்கும் விடாம போகுதே, அத யாரு அமுக்குறது? ரெண்டு கையும் வேற வேலையா இருக்கு. ரெண்டு காலும் கீழ இருக்கிற கட்டைங்கள மிதிச்சுக்கிட்டு இருக்கு. மூக்கால அமுக்கவா?”

வீப்கேவின் முகம் சுருங்கிவிட்டது. கணினி ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை. எத்தனை புள்ளி வைத்தாலும் சளைக்காமல் வாசித்தது. அவளும் கைகளை எண்ணிப் பார்க்கவே இல்லை.

“அந்த ஒரு சுரத்த மட்டும் எடுத்துடுவோம். மத்ததெல்லாம் அழகா இருக்கு” என்றார் ஹின்ரிக்.

“ஐயோ, அது வேணாம் மாமா! வேற எத வேணா எடுங்க.” அவள் கண்கள் நிறைந்துவிட்டன. “ஓக்கோ ஆஸ்பத்திரியில கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருந்தான்ல? என்னைய உள்ள விடல. அம்மா போனை அந்தப் பெட்டிகிட்ட வெப்பாங்க. அவன் சத்தமே வராது. பெட்டி மட்டும் ‘ம்ம்ம்’னு ஒரே மாதிரி பாடும். அதக் கேட்டுக்கிட்டே தூங்குறான்னு அம்மா சொல்வாங்க. அந்த ‘ம்ம்ம்’தான் இது.”

ஹின்ரிக் சுத்தமாக இருந்த மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்தச் சுரத்தின் கட்டையை அமுக்கி இடுக்கில் செருகினார். சுரம் ஒலித்தது. அடுத்த நொடி பென்சில் துள்ளி, மாடிக் கம்பியைத் தாண்டி, கீழே ‘டக்’கென்று விழுந்தது.

“சரியாப்போச்சு. ஞாயித்துக்கிழமை போதகர் தலையில விழும்.”

பையிலிருந்த கடிதக் கட்டு ஒன்றை எடுத்து மேலே வைத்தார். நான்கு கட்டைகள் ஒன்றாக அமுங்கி, வாலை மிதித்த பூனைபோல ஆர்கன் அலறியது. இருவரும் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

வீப்கே அந்தச் சுரத்தின் கட்டையைப் பார்த்தாள். தன் விரலைப் பார்த்தாள்.

“மாமா, நான் அமுக்கினா?”

“ஒனக்குத்தான் வாசிக்கத் தெரியாதே?”

“ஒரே ஒரு கட்டைதானே. வெச்ச விரல எடுக்காம இருக்க எனக்குத் தெரியும்.”

ஹின்ரிக் வாய்விட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார்.

வீப்கே அமுக்கினாள். கணினியில் அந்தச் சுரம் கோடு போட்டதுபோல நேராகப் போகும். இதுவோ மெல்ல அசைந்தது. ஹின்ரிக் காலால் பெரிய குழாயை ஒலிக்கவைத்தபோது லேசாகத் தாழ்ந்து, மறுபடி எழும்பியது.

“நான் தப்பு பண்றேனா?”

“நீ இல்ல. எல்லாக் குழாய்க்கும் காத்து ஒரே துருத்தியிலேருந்துதான் வருது. நான் நெறைய எடுத்தா ஒன்னோடது கொஞ்சம் தவிக்கும்.”

வீப்கேவுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சுரம் மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆர்கனுக்கு மேலே இருந்த சின்னக் கண்ணாடியில் கீழே நடப்பதெல்லாம் தெரிந்தது. தலையில் தண்ணீர் பட்டதும் ஓக்கோ வீறிட்டான். அம்மா தட்டினாள், ஆட்டினாள். அவன் நிறுத்துவதாக இல்லை.

ஹின்ரிக் தலையசைத்தார். வீப்கே விரலை வைத்தாள்.

பாட்டு எழுந்தது. தேவாலயம் ஒரு படகாகிக் கரையை விட்டு நகர்வதுபோல அவளுக்குத் தோன்றியது. ஜன்னல்கள் மிதந்தன. தொப்பி வைத்த பெண்களும் கோட்டுப் போட்ட ஆண்களும் அலையோடு அசைந்தார்கள். கண்ணாடிக்குள் ஓக்கோவின் சிவந்த முகம் மட்டும் அசையாமல் நின்றது. அழுகை சிணுங்கலாகியது. பிறகு அவன் கேட்கத் தொடங்கினான்.

தாளின் கடைசி வரி வந்தது. ஹின்ரிக் கைகளை எடுத்தார். கால்களையும் எடுத்தார். வீப்கேவின் சுரம் மட்டும் தனியாக நின்றது.

“முடிஞ்சுபோச்சு. விரல எடு” என்று கிசுகிசுத்தார்.

“அவன் இன்னும் தூங்கல மாமா.”

ஹின்ரிக் கண்ணாடியைப் பார்த்தார். கீழே போதகர் திறந்த புத்தகத்தோடு மாடியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹின்ரிக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார். விரல் வலித்தது. வீப்கே எடுக்கவில்லை.

ஓக்கோவின் மூடிய கை மெல்ல விரிந்தது. அம்மா அவனைக் குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்து, மாடியைப் பார்த்துத் தலையசைத்தாள்.

வீப்கே விரலை எடுத்தாள்.

அடுத்த பாட்டை அன்று ஊரே ரகசியம் பேசுவதுபோலப் பாடியது.