இரண்டு உள்ளேன்

காலை எட்டரைக்கே கல்லூரி வாசலில் வரிசை நிற்கும். முன்னாள் படைவீரர்கள் ஒவ்வொருவராகத் தலை சாய்க்க, காவலர் காதுக்குப் பின்னால் ‘தணிப்பி’யை ஒட்டுவார். அரிசி அளவுதான் இருக்கும். ஒட்டியதும் போரில் பார்த்ததெல்லாம் மறந்துபோகும். மாலையில் கழற்றியதும் அத்தனையும் திரும்பி வந்துவிடும். தணிப்பி இல்லாமல் வகுப்பில் உட்காரக் கூடாது என்பது சட்டம். நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான், யாரைக் குறை சொல்ல!

இசக்கியம்மாளுக்குத்தான் அது வினையாகிவிட்டது. முப்பத்தாறு வயது, ஆறு வருடம் எல்லையில் இருந்தவள், இப்போது கட்டடப் பொறியியல் இறுதியாண்டு. அவள் வரைந்த பாலத்தில் ஒரு தூண் நிற்க வேண்டிய இடத்தில் எல்லாம் இரண்டு நின்றன. “ஒண்ணு போதுமே, எதுக்கும்மா ரெண்டு?” என்று ‘வைவா’ எனும் வாய்மொழித் தேர்வின் ஒத்திகையில் பேராசிரியர் ருக்மாங்கதன் கேட்டபோது திருதிருவென்று விழித்தாள். வரைந்தது வீட்டில், தணிப்பி இல்லாமல். தணிப்பி ஒட்டியதும் காரணம் வாசலோடு நின்றுவிட்டது.

இறுதி வைவாவைத் தணிப்பி இல்லாமல் தருகிறேன் என்று மனுப் போட்டாள். நாடித்துடிப்பு நூற்றைம்பதைத் தாண்டினால் தேர்வு ரத்து, பட்டமும் கிடையாது என்றார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டாள். பிடிவாதம் கொஞ்சமா நஞ்சமா!

இறுதி வைவா அன்று ருக்மாங்கதன் வருகைப் பதிவைத் திறந்தார்.

“இசக்கியம்மாள்?”

“உள்ளேன் ஐயா.” அதே மூச்சில் இன்னொரு முறை, “உள்ளேன் ஐயா.”

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சுவரில் துடிப்புக்காட்டி நூற்று முப்பத்தெட்டு என்றது.

“ரெண்டாவது யாரும்மா?”

“டென்சில், ஐயா. எங்க படைப்பிரிவு. அவன் போனதுக்கப்புறம் அங்க தினமும் ஆஜர் எடுக்கையில அவனுக்கும் சேத்து நாந்தான் சொல்லுவேன். பழக்கதோஷம்.”

நூற்று நாற்பத்தாறு. ருக்மாங்கதன் பதறிப்போய்த் தணிப்பியை எடுத்தார். அவள் வேண்டாமென்று கையைக் காட்டினாள்.

“எல்லையில நாங்க தாண்டின பாலத்துக்கு ஒத்தத் தூணுதான்யா. எங்களையெல்லாம் அக்கரைக்கு அனுப்பிட்டுக் கடைசியா வந்தான். குண்டு விழுந்து தூணு போச்சு, அவனும் போயிட்டான். என் பாலத்துல ஒரு தூணு போனாலும் மத்தது தாங்கும். கடைசி ஆளும் நடந்தே கரை ஏறலாம்.”

பிறகு பாரக் கணக்கை ஒவ்வொரு தூணாக விளக்கினாள். குரல் நடுங்கியது, கணக்கு நடுங்கவில்லை. சொல்லச் சொல்ல எண் இறங்கியது. நூற்று இருபது. நூற்றுப் பத்து. தொண்ணூறு.

ருக்மாங்கதன் மதிப்பெண் தாளில் ‘தேர்ச்சி’ என்று எழுதினார். பிறகு எழுந்து நின்று, பதிவேட்டைப் பார்க்காமலே கேட்டார்.

“டென்சில்?”

இசக்கியம்மாள் முதுகை நிமிர்த்திக்கொண்டாள். இந்த முறை வாய் தவறவில்லை. கட்டடமே கேட்கும்படி சொன்னாள்:

“உள்ளேன் ஐயா!”