வியாழன் மஃரிபிலிருந்து புதன் சுபஹு வரை

கணவன் இறந்து ஸுலைஹா இத்தா இருக்கத் தொடங்கி அன்றோடு நூற்றுப் பன்னிரண்டு நாள். அன்று பின்னேரம், அஸருக்குச் சற்று முன்பு, மடியில் வைத்திருந்த தேத்தண்ணிக் கோப்பை குளிர்ந்துபோயிருப்பதை அவள் கவனித்தாள்.

தேத்தண்ணி ஆறுவது அதிசயமில்லை. ஆனால் ஒரே கேத்தலிலிருந்து ஒரே நேரத்தில் ஊற்றிய இரண்டு கோப்பைகளில், ஜன்னல் கட்டையில் வைத்தது இன்னும் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. வயிற்றோடு ஒட்டி மடியில் வைத்தது கிணற்றுத் தண்ணீர்போல் இருந்தது. அவள் அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினாள். மடியில் வைத்து நூறு வரை எண்ணினாள். விரலை விட்டுப் பார்த்தாள். பிறகு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

பயம் வரவில்லை. பயம் இருக்க வேண்டிய இடம், பல் பிடுங்கிய இடம்போல வெறுமையாக இருந்தது. நாக்கால் தொட்டுப் பார்ப்பதுபோல அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவுதான்.

அலவத்துகொடயில் மாத்தளை ரோட்டுக்கு மேலே, மிளகுக் கொடிகள் ஏறிய முருங்கை மரங்களுக்குப் பின்னால் இருந்தது அந்த வீடு. ஒரு முன்கூடம், ஓர் உள்ளறை, ஓர் அடுப்படி. முன்கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் கனத்த நீலத்திரை தொங்கியது. கணவன் மௌத்தான சேதி வந்த நாளிலிருந்து அந்தத் திரைக்கு இந்தப் பக்கம்தான் அவள் உலகம். வெள்ளைச் சேலை, தஸ்பீஹ் மணி, ஜன்னல் வழியாக ஒரு துண்டு வானம். நாலு மாதமும் பத்து நாளும் முடிந்தால் மற்ற விதவைகள் வெளியே வந்துவிடுவார்கள். அவள் வயிற்றில் பிள்ளை இருந்ததால், அது பிறக்கும்வரை அவளுக்கு இத்தா முடியாது.

பிள்ளையால்தான் எல்லாப் பேச்சும்.

கணவன் மஹ்மூதின் அக்கா றலியா, நனைந்த குடையைத் தாழ்வாரத்தில் சாத்திவிட்டு மூச்சு வாங்கியபடி உள்ளே வந்தாள். பக்கத்து வளவில் இருப்பவள். ஜன்னல் கட்டையில் இருந்த கோப்பையை எடுத்து ஒரே மடக்கில் பாதியைக் குடித்தாள்.

"நஸீம் இண்டைக்கு வாறாராம். மஃரிபு தொழுதுட்டு நேரா இங்கதான்."

ஸுலைஹா தலையை மட்டும் அசைத்தாள்.

"வாயத் தொறந்து ஏதாச்சும் சொல்லு புள்ள. சொவருகூட மழைக்கு ஒரு சத்தம் போடுது."

"என்னத்த சொல்ல மைனி?"

"பீலியடில தண்ணி எடுக்கப் போனா ஒருத்தி விடாம கேக்குறாளுகள். மஹ்மூது எப்ப வந்த, எந்த பஸ்ஸுல வந்த, யாரு கண்ட எண்டு. நான் என்னத்த சொல்ல? நானும் அப்ப காய்ச்சல்ல கெடந்து பொலம்பிக்கிட்டுத்தானே ஈந்தேன். எங்கட பூனை கண்டிருக்கும், அதுக்கிட்டக் கேளுங்கோ எண்டு சொல்லிட்டு வந்தேன்." றலியா சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "ஒன்கூடப் பொறந்த நானா அக்குறணையிலேந்து சொல்லி அனுப்பீக்கிறார். நஸீம்ட வாயால 'மஹ்மூது ஊருக்குப் போன' எண்டு ஒரு சொல்லு வரணுமாம். வராட்டி நீ அவர்ட வாசப்படிய மிதிக்க வேணாமாம்."

"நீங்க?"

றலியா கோப்பையின் அடியைப் பார்த்தாள். "என் தம்பிட புள்ளையெண்டா தலைல வெச்சி வளப்பேன்," என்றாள். மற்றதை அவள் சொல்லவில்லை.

நஸீமும் மஹ்மூதும் கலஹா பஜாரில் பங்குக்குத் துணிக்கடை நடத்தியவர்கள். மஹ்மூத் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வியாழக்கிழமை பேராதனைக்கு பஸ் ஏறி, கண்டியில் மாறி, இருட்டுவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார். அந்த வருடம் ஊரெல்லாம் மலேரியா. கொயினா வில்லை வாங்க டிஸ்பென்சரி வாசலில் சனங்கள் வரிசையாகக் குந்தியிருந்தார்கள். ஒரு வியாழன் அவர் வரவில்லை. அடுத்ததற்கும் வரவில்லை. கடிதமும் இல்லை. முப்பத்து மூன்று நாள் கழிந்தது.

அப்போதுதான் றமீஸா அந்த வேலைகளைச் சொல்லிக் கொடுத்தாள்.

றமீஸா வீடு வீடாகப் போய் நெல் குத்துகிறவள். உலக்கையை மாற்றிப் பிடிக்கும் இடைவெளிகளில் பேசுவாள். "இதெல்லாம் சூனியமில்ல புள்ள. சூனியமெண்டா தகடு, முட்ட, கோழி ரத்தமெண்டு பெரிய சங்கதி. இது வீட்டு வேல. வேலயோட வேலயா செய்யிறது. பக்கத்துல நிக்கிற ஆளுக்கும் வெளங்காது."

உண்மையில் யாருக்கும் விளங்காது. அரிசி கழுவிய முதல் தண்ணீரை வாசற்படியில் ஊற்ற வேண்டும். அவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையின் கைகளை முடிச்சுப் போட்டு, அடுப்புக்கு மேலே புகை படுகிற இடத்தில் வைக்க வேண்டும். மஃரிபுக்கு விளக்கேற்றியதும் அவருக்கும் ஒரு கோப்பையில் சோறு போட வேண்டும். வீட்டை எப்போதும் வாசலிலிருந்து உள்நோக்கிக் கூட்ட வேண்டும், வெளிநோக்கிக் கூடாது. கடைசியாக, கறிக்கு உப்புப் போடும்போது ஒரு கல் உப்பைக் கூடுதலாக எடுத்து, ஆளின் பெயரைச் சொல்லி, 'எங்க ஈந்தாலும் வாங்க' என்று நெருப்பில் போட வேண்டும்.

"ஆனா உப்புப் போடுறத்துக்கு முந்தி ஆளனுப்பி சேதி கேட்டுக்கோ," என்றாள் றமீஸா.

"என்னத்துக்கு?"

"கேட்டுக்கோண்டா கேட்டுக்கோ."

அனுப்ப ஆள் இல்லை. எழும்பி நடக்கக்கூடிய ஆண்கள் கபுறு தோண்டப் போயிருந்தார்கள். ஸுலைஹா மற்ற நான்கையும் ஏழு நாள் செய்தாள். எட்டாம் நாள், ஒரு வியாழக்கிழமை, சேதி கேட்காமலே உப்பைப் போட்டாள். உப்புக் கல் நெருப்பில் வெடித்தது. அவள் சோற்றுக் கோப்பையைப் பாய்க்கு முன்னால் வைத்துவிட்டுக் கறி எடுக்கத் திரும்பினாள். திரும்பி வந்தபோது மஹ்மூத் பாயில் உட்கார்ந்திருந்தார்.

றமீஸா அதற்கு நாலாம் நாள் காய்ச்சலில் மௌத்தானாள். கேட்பதற்கு ஆள் இல்லாமல் போனது.

இந்த வேலைகளை ஸுலைஹா யாரிடமும் சொல்லவில்லை. அவர் வந்ததை மட்டும் சொன்னாள். வியாழன் மஃரிபுக்கு வந்தார், புதன் சுபஹுக்குப் போனார் என்று. கேட்கிறவர்கள் முகத்தைப் பார்க்காமல், ஒவ்வொரு முறையும் அதே சொற்களில்.

"எங்கிட்ட இன்னொருக்கா சொல்லு," என்றாள் றலியா. மழை இறங்கி, தகரத் தாழ்வாரத்தில் ஒரே சீராக விழுந்துகொண்டிருந்தது. "நஸீம் வாறத்துக்கு முந்தி. வந்து என்ன பேசின?"

"பேசல்ல மைனி. காய்ச்சல்."

"ஆறு நாளும் பேசல்லயா? என் தம்பியா? பள்ளிக்குத் தொழப் போனாக்கூட ஸஃப்புல பக்கத்துல நிக்கிறவனோட பேசி ஏச்சு வாங்குறவன்."

"கண்ணுக்கு வெளிச்சம் ஏலாம ஈந்த. ஜன்னலப் பூட்டி வெச்சேன்."

"சாப்பிட்டானா?"

"சோத்தப் பெசஞ்ச."

றலியா அவளைப் பார்த்தாள். ஸுலைஹா ஜன்னலைப் பார்த்தாள்.

பாக்கு மரங்களுக்கு மேலே வானம் சாம்பல் நிறத்திலிருந்து கறுப்புக்கு மாறிக்கொண்டிருந்தது. ஈர விறகின் புகையும் மிளகின் காரமும் சாணமும் கலந்த வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. அந்த வாசனைக்கு நடுவே, தான் இத்தனை நாளாக எண்ணிப் பார்க்க மறுத்த வேறொரு வாசனை ஸுலைஹாவுக்கு நினைவுக்கு வந்தது. அவர் உடம்பில் கற்பூரம் மணத்தது. காய்ச்சலுக்குப் பூசியது என்று அவள் அப்போது நினைத்துக்கொண்டாள். உடம்பு குளிர்ந்திருந்தது. காய்ச்சல் குளிர் என்று நினைத்துக்கொண்டாள். வீட்டிலிருந்த போர்வைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போர்த்தினாள். ஊரில் எல்லோருக்கும் குளிர் வந்தது, எல்லோரும் பல் கிட்டிக் கட்டிலே ஆடும்படி நடுங்கினார்கள். குளிர்ந்திருந்தும் நடுங்காத ஒருவரை அவள் அந்த ஆறு நாளும் பார்த்தாள். மூன்றாம் இரவு அவர் அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். அவர் மூச்சு தன் கழுத்தில் படும் என்று அவள் காத்திருந்தாள்.

கால் விரல்களுக்கு நடுவே சிவப்பு மண் இருந்தது. அவள் ஈரத்துணியால் துடைத்துவிட்டாள். மறுநாள் மறுபடி இருந்தது.

"புதன்கெழம?" என்றாள் றலியா.

"சுபஹுக்கு எழும்பி வீடு கூட்டினேன். தூக்கக் கலக்கம். வாசல் பக்கமா கூட்டிட்டேன்."

"கூட்டினா என்ன?"

"ஒண்டுமில்ல. திரும்பிப் பாத்தா பாயில ஆள் இல்ல. மொத பஸ்ஸுக்குப் போய்ட்டாரெண்டு நெனச்சேன்."

இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், கலஹாவிலிருந்து வந்த லொறிக்காரன் ஒருவன் பள்ளிவாசலில் சேதி சொன்னான். மஹ்மூத் மௌத்து, அங்கேயே அடக்கியாயிற்று. எப்போது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு ஜனாஸா போன காலம். புதன் போனவர் வியாழன் மௌத்தாகியிருப்பார் என்று ஸுலைஹா கணக்குப் போட்டுக்கொண்டாள். அன்றே வெள்ளை உடுத்தாள். உடனிருந்த நஸீமும் காய்ச்சல் முற்றி, ஆஸ்பத்திரியில் கிடந்து, பிறகு வத்தேகமயில் மனைவி வீட்டில் மாதக்கணக்காகப் படுத்திருந்தான். இப்போதுதான் நடக்கிறான்.

றலியா கைவிரல்களை மடக்கி மடக்கி எதையோ எண்ணினாள். "வந்த நாளையிலேந்து எண்ணினா இண்டைக்கு நூத்தியிருவது. ரூஹு ஊதுற நாள், புள்ளைக்கு உசிரு வாற நாள். புள்ள இண்டைக்கு அசையணும். எங்க, கிட்ட வா."

அவள் கையை ஸுலைஹாவின் வயிற்றில் வைத்தாள். வைத்ததும் முகம் சற்றே மாறியது. எடுத்து, இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கி, மறுபடி வைத்தாள்.

"மழைக் குளிரு," என்றாள்.

"ம்."

மஃரிபு பாங்கு கேட்டது. மழையில் பாதி கரைந்து, தூரத்தில். இருவரும் தொழுதார்கள். ஸுலைஹா ஸுஜூதில் நெற்றியை வைத்தபோது பாய் ஈரமாக இருந்தது. விளக்கு ஏற்றினார்கள். சுடர் நேராக நின்றது. அவள் பக்கத்தில் வந்ததும் சிறுத்தது. தள்ளி வைத்தாள். நிமிர்ந்தது.

வாசலில் செருப்புச் சத்தம். ஒரு இருமல்.

"அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்கும் ஸலாம். கதிரைல இருங்கோ தம்பி," என்று றலியா திரைக்குள்ளிருந்தே சொன்னாள். "எப்படி ஈக்குது ஒடம்பு?"

"அல்ஹம்துலில்லாஹ் ராத்தா. எலும்பு மட்டும் மிச்சம். பஸ்ஸுல கொண்டக்டர் அரை டிக்கட் போடவா எண்டு கேட்டான்."

றலியா சிரிக்கவில்லை. ஸுலைஹாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள். கையை மறுபடி வயிற்றில் வைத்தாள். பாதுகாப்புக்கா, காவலுக்கா என்று ஸுலைஹாவுக்குத் தெரியவில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. அந்த வீட்டில் சூடாக இருந்தது அது ஒன்றுதான்.

"தம்பி, ஒரு விஷயம் கேக்கணும். நல்லா யோசிச்சு சொல்லுங்கோ. இது ஒரு பொம்புளட மானம். மஹ்மூது கடைசியா வீட்டுக்கு வந்தானே, கலஹாவுலேந்து எப்ப வெளிக்கிட்ட?"

திரைக்கு அப்பால் கதிரை முனகியது.

"வீட்டுக்கா?"

"ஓ. வியாழக்கெழம."

"எந்த வியாழன் ராத்தா?"

"சேதி வந்த வெள்ளிக்கு முந்தின கெழம. அந்த வியாழன்."



மழை. தகரம். எங்கோ ஒரு நாய், ஒரே ஒரு முறை.

அந்த ஆறு நாளும் மஹ்மூத் உடுத்தியிருந்தது வெள்ளை. வெள்ளைச் சாரம் என்று எல்லோரிடமும் சொன்னாள். சாரமில்லை. ஒரே துணி. அவள் அதைத் துவைக்க எடுத்துப் பார்த்தாள். ஓரம் தேடினாள்.

தையல் இல்லை.

எங்கும் தையல் இல்லை.

"தம்பி?" றலியாவின் குரல் உயர்ந்தது. "வாயத் தொறந்து சொல்லுங்கோ. வந்தானா இல்லயா?"

"எனக்கு வெளங்கல்ல ராத்தா." நஸீமின் குரல் மெல்லியதாக, குழந்தையுடையதுபோல இருந்தது. "லொறிக்காரன்ட கைல சேதி சொல்லி அனுப்பினேனே, அது இங்க வந்து சேர ஒம்பது நாளா? நீங்க நாளச் சரியாத்தான் சொல்றீங்களா?"

"சரியாத்தான் சொல்றேன்."

"அப்ப அந்த வியாழன்..."

ஸுலைஹா கண்ணை மூடவில்லை. திரையின் நீலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்காமல் இருக்க முடியும் என்று தோன்றியது. எண்ணாமல் இருந்ததுபோல.

"அந்த வியாழனுக்கு முந்தின நாள், புதன் அஸரோட, மஹ்மூத் நானாவ அடக்கிட்டோம் ராத்தா. நான்தான் காய்ச்சலோட கபுறுக்குள்ள எறங்கின. நான்தான் அவர வலப்பக்கமா சாச்சி, மொகத்தக் கிப்லாப் பக்கம் திருப்பி வெச்ச."

றலியாவின் உள்ளங்கைக்குக் கீழே, நூற்றிருபது நாளில் முதல் முறையாக, அது அசைந்தது. உதைக்கவில்லை. மெதுவாக, யாரோ தோளைப் பிடித்துச் சாய்த்து வைப்பதுபோல, வலப்பக்கமாகத் திரும்பியது. திரும்பி, அப்படியே நின்றது.