இரண்டு சுண்டு, ஒரு நிறுத்தம்

கட்டை அங்கே இல்லை.

டெல்பர்ட் கரைமேல் நின்று இரண்டாம் முறையும் பார்த்தார். கிழக்குக் கரையின் ஓக் மரத்துக்கும் மதகுக் குழாய்க்கும் சரிபாதியில், கரையிலிருந்து நாற்பது தப்படியில், அவருடைய தூண்டில் இரைகளை ஒரு வருடமாகத் தின்று தீர்த்த அந்த அடிக்கட்டை இருந்தாக வேண்டும். குட்டைக்குச் சொந்தக்காரர் வெர்லின் சனிக்கிழமை மதகைத் திறந்துவிட்டார், இன்று வியாழன். நீர்ப்பாசியை நவம்பர் குளிரில் காயவிட்டுக் கொல்வதற்கு நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை செய்கிற வேலைதான். குட்டையின் தரை முக்காலும் வெளியே வந்துவிட்டது. நடுவில் ஒரு மாட்டுக்கொட்டகை அளவுக்குத் தண்ணீர் மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் சேறு, மேலே வெடிப்பு விட்டுக் காய்ந்து, உள்ளே கருத்து, அழுகிய இலையும் கெட்டுப்போன முட்டையும் கலந்த நாற்றத்தோடு தட்டையாகக் கிடந்தது. மேடு இல்லை, வேர் இல்லை, ஒரு குச்சிகூட இல்லை.

சனிக்கிழமை மதகுச் சக்கரத்தைத் திருகிக்கொண்டே வெர்லின் சொன்னதை அவர் அப்போது காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"எந்தக் கட்டைய்யா? எங்கப்பா இந்தக் குட்டைய வெட்டினப்ப நான் பக்கத்துல நின்னு பாத்தவன். ஒரு வேரைக்கூட விடாம வழிச்சு எடுத்தாரு."

"அப்ப என்னோட பத்தொம்பது இரையையும் யாரு தின்னா?"

"உனக்கு மீன் புடிக்கத் தெரியலேங்கறதுக்கு என் குட்டை மேல பழியப் போடறியா? நல்லாருக்கே நியாயம்."

பழி போடுகிற ஆள் இல்லை டெல்பர்ட். ஆனால் பத்தொன்பது என்பது பத்தொன்பதுதான். சென்ற ஆண்டு ஏப்ரலில், பாஸ் மீன்கள் கரையோர ஆழமில்லாத தண்ணீருக்கு வந்து வாலால் மணலைக் கூட்டிப் பெருக்கிக் கூடு கட்டிக் காவல் நிற்கும் நாட்களில், வெள்ளித்தகடு வைத்த இரைகள் ஆறு போயின. கோடையில் மீன்கள் வெயிலுக்குப் பயந்து ஆழத்துக்கு இறங்கின. அவரும் விடியற்காலையில் வந்து, ஊதா நிற ரப்பர் புழுவை அடியில் தேய்த்துத் தேய்த்து மெதுவாக இழுத்தார், புழுக்கள் ஏழு போயின. அக்டோபரில் அவை குளிருக்கு முன் வயிற்றை ரொப்பிக்கொள்ளும் வெறியில் கண்டதையும் துரத்தும். அப்போது வேகமாக இழுபடும், மரத்தில் செய்த மீன் இரைகள் ஐந்து போயின. எல்லாம் அதே இடத்தில்தான். சிக்கும், இழுத்தால் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும், பிறகு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். ஈரமரம் அப்படித்தான் வளையும் என்று அவர் தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

ஜனவரியில் ஒன்றே ஒன்று போயிற்று, ஒரு சின்ன ஈயக்குண்டு இரை. பனிக்காலத்தில் பாஸ் மீனுக்குப் பசி இருக்காது. அதன் மூக்குக்கு முன்னால் இரையைக் கிடத்தி, இரண்டு முறை சுண்டிவிட்டு, நிறுத்திவிட வேண்டும். முப்பது வரை எண்ண வேண்டும். மறுபடி இரண்டு சுண்டு, மறுபடி நிறுத்தம். பசிக்காத மீனும் காத்துக் காத்துப் பொறுக்க மாட்டாமல் கடைசியில் வாயை வைத்துவிடும். அன்று ஈயக்குண்டு கட்டையில் சிக்கியது. வழக்கப்படி இரண்டு முறை சுண்டிவிட்டு நிறுத்தினார்.

அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு சுண்டு வந்தது. பிறகு நிறுத்தம்.

தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார். விரல்கள் மரத்துப்போனால் இல்லாததெல்லாம் தோன்றும். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தூண்டில் போடவில்லை, யாரிடமும் சொல்லவுமில்லை.

இப்போது கட்டை இல்லாத அந்த வெறும் சேற்றில் ஏதோ மின்னியது. கரையிலிருந்து நாலு தப்படியில் ஒரு வெள்ளித்தகடு கிடந்தது. அதற்கப்பால் இன்னொன்று.

'விடுவேனா' என்று நினைத்துக்கொண்டு டெல்பர்ட் நெஞ்சுவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டினார். கைபேசியை வழக்கம்போல வண்டியிலேயே வைத்தார். ஏற்கெனவே இரண்டைக் குட்டைக்குக் கொடுத்தாயிற்று. இங்கே வருவதைக் காலையில் மகள் ஷெல்பி பேசியபோதே சொல்லியிருந்தார்.

"அப்பா, இன்னிக்கி அஞ்சு மணிக்கு வீட்ல இருப்பீங்களா, இல்ல அந்தச் சேத்துலதான் குடித்தனமா?"

"இருப்பேன்டி. மான்கறி வேகப் போட்டுட்டேன். குட்டையில கெடக்கற தூண்டி முள்ளுங்கள மட்டும் பொறுக்கிட்டு வந்துடறேன்."

"வண்டி இல்லேன்னா நான் நேரா அங்க வந்துடுவேன், சொல்லிட்டேன்."

"வருவியே! கண்ணு முன்னால என்னமாச்சும் அசைஞ்சாப் போதும், பாஞ்சுட்டு அப்புறந்தான் யோசிப்ப. நீ எனக்குப் பொறந்தியா, இந்தக் குட்டையில பொறந்தியான்னே தெரியல."

"வளத்தவரச் சொல்லணும்," என்று சிரித்துக்கொண்டே வைத்துவிட்டாள். மருத்துவமனையில் தாதி வேலை. அம்மா போனபிறகு எந்த வியாழனும் அவள் தவறியதில்லை. அவருக்கென்று இருந்தது அவள் ஒருத்திதான்.

முதல் தகட்டைக் குனிந்து எடுத்தார். ஒன்றரை வருடம் தண்ணீருக்குள் கிடந்ததற்குத் துரு இல்லை. யாரோ துடைத்து வைத்ததுபோலப் பளபளத்தது. அறுந்த நரம்பின் வால் சேற்றுக்குள் இறங்கியிருந்தது. இழுத்தார். ஒரு கணம் தயங்கிவிட்டு வந்தது. சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். அடுத்தது இரண்டு தப்படியில் இருந்தது. அதற்கடுத்ததும் இரண்டு தப்படிதான். ஆறு தகடுகளும் முடிந்த இடத்தில் முதல் ஊதாப் புழு கிடந்தது.

தண்ணீர் வடியும்போது இழுத்து வந்து போட்டிருக்கும் என்று நினைத்தார். ஆறு, ஏழு, ஐந்து என்று அவர் தொலைத்த வரிசையிலேயே, வசந்தம், கோடை, இலையுதிர்காலம் என்று தண்ணீர் எப்படி இழுத்து வந்து போடும் என்பதை நினைக்கவில்லை. அடுத்தது கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது, அதுதான் காரணம். ஒவ்வொரு இரைக்கும் சேறு இன்னும் ஒரு விரல் ஆழம் கூடியது. கணுக்கால் போய் முழங்கால் வந்தது. பதினெட்டு முடிந்தது. கடைசி ஈயக்குண்டு கைக்கெட்டாத தூரத்தில், மிஞ்சிய தண்ணீரின் ஓரத்தில் கிடந்தது. அப்போதுதான் தண்ணீரைக் கவனித்தார். வற்றிய குட்டையின் மீன்கள் அத்தனையும் முதுகு வெளியே தெரிய, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, எதிர்க்கோடியில் நெருக்கியடித்துக் கிடந்தன. இந்தப் பக்கம் ஒரு மீன்கூட இல்லை.

ஒரே ஓர் அடிதான். வைத்தார்.

இடதுகால் தொடைவரை போயிற்று. ஊன்றிய வலதுகாலும் போயிற்று. சேறு உடுப்பை நாலாபக்கமும் இறுக்கிப் பிடித்தது, குளிர் ரப்பரைத் தாண்டி எலும்புக்குள் ஏறியது. டெல்பர்ட் பதறவில்லை. சேற்றில் மாட்டிக்கொள்வது அவருக்குப் புதிதல்ல. உடம்பை முன்னால் சாய்த்து, கைகளை அகல விரித்து, நீந்துகிறவன்போல ஒரு காலை மெதுவாக உருவினார். பொளக் பொளக்கென்று சேறு வழிவிட்டது. தொடை வெளியே வந்தது. முழங்கால் வந்தது. இன்னும் ஒரு சாண்.

கணுக்காலில் ஏதோ இறுகியது. மெல்லியது. நரம்பு.

இரண்டு சுண்டு. நிறுத்தம்.

வெறிபிடித்தவர்போல உதைத்தார், கைகளால் சேற்றை வாரி வாரி எறிந்தார். உதைத்தபோது நரம்பு தளர்ந்தது, எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு விட்டுக்கொடுத்தது. களைத்துப்போய் நின்றபோது இழுத்தது. முழங்கால் போயிற்று, தொடை போயிற்று, இடுப்பும் போயிற்று. மறுபடி உதைத்தார். மறுபடி விட்டது. ஓய்ந்தார். இழுத்தது.

எட்டு வயது ஷெல்பியின் கையைப் பிடித்துக்கொண்டு இதே கரையில் அவர் சொல்லிக்கொடுத்த பாடம் அது. 'ஓடும்போது விடு. ஓஞ்சதும் இழு. அவசரப்பட்டா அறுந்துடும்.'

நெஞ்சுவரை போனதும் நின்றுவிட்டது.

"வெர்லின்!" என்று கத்தினார். வெர்லின் வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம் ஒன்றரை மைலில் இருந்தது. வெகுதூரத்தில் ஒரு மாடு பதில் சொன்னது. பெரிய சாம்பல் கொக்கு ஒன்று வந்து, கோடியில் குவிந்துகிடந்த மீன்களுக்குமேல் ஒரு வட்டம் போட்டு, இறங்காமலே போய்விட்டது. ஓக் மரத்தின் நிழல் சேற்றின்மேல் நீண்டுகொண்டே வந்து அவர் தோளைத் தொட்டது. காலுக்கடியில் அவ்வப்போது ஏதோ இடம் மாறி உட்கார்ந்தது. பெரியது. அது உட்காரும்போதெல்லாம் சேற்றுப்பரப்பு முழுவதும், கரைவரைக்கும், லேசாக ஏறி இறங்கியது.

ஏன் முழுசாக இழுக்கவில்லை? ஒரே இழுப்பில் முடிந்துவிடுமே. எதற்காக இத்தனை பொறுமை?

அதன் பொறுமையில் பழகிய ஒரு கணக்கு இருந்தது. அவர் எண்ணிப் பார்த்தார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. இரண்டு சுண்டு. முப்பது. இரண்டு சுண்டு. ஒவ்வொரு சுண்டுக்கும் உடம்பு கீழே வெட்டி இழுபட்டது, கைகள் தாமாக மேலே எழும்பி விழுந்தன. இது மீனைப் பிடித்தவன் செய்கிற வேலை இல்லை. பிடித்த மீனை யாரும் இப்படிச் சுண்ட மாட்டார்கள்.

மேட்டுப்பாதையில் ஒரு வண்டியின் சத்தம் கேட்டது.

ஒரு கணம், ஒரே ஒரு கணம், அவர் சந்தோஷப்பட்டார். ஷெல்பியின் வண்டிதான், அந்தச் சைலன்சர் உறுமல் அவருக்குத் தெரியாதா? கதவு சாத்தும் சத்தம். வேலிக்கதவுச் சங்கிலி குலுங்கும் சத்தம். கரைமேல் அவளுடைய நீல மருத்துவமனை உடுப்பு தெரிந்தது.

கீழே சுண்டுவது நின்றது. மொத்தமாக நின்றது. அவருக்குப் புரிந்துவிட்டது: சுண்டுவது இரையைத்தான்.

"அப்பா! அய்யோ... அப்பா!"

"வராத!" என்று கத்தினார். "ஷெல்பி, வராதடி! போ!"

குரல் கேட்டதும் அவள் சரிவில் ஓடியே வந்தாள். வரத்தானே செய்வாள்! கத்தக் கத்த வருவாள். துடிக்கத் துடிக்க வருவாள். டெல்பர்ட் வாயை மூடினார். கையைச் சேற்றில் கிடத்தினார். தலையைத் தொங்கப்போட்டார். அசையக்கூடாது. மூச்சுவிடக்கூடாது. செத்தவனாகக் கிடக்க வேண்டும். செத்துப்போனார் என்று அவள் நினைக்கட்டும், அழட்டும், ஆளைக் கூப்பிடட்டும், கயிறும் பலகையும் வரட்டும், எத்தனை மணி நேரம் ஆனாலும் ஆகட்டும். என் கண்ணே, அங்கேயே நில்.

அவள் நின்றாள்.

சேற்றின் விளிம்பில் நின்றுவிட்டாள். அரைக்கண்ணால் பார்த்தார். அவள் கைபேசியை எடுத்தாள். காதில் வைத்தாள். "எங்கப்பா... சேத்துல... அசையல, அசையவே மாட்டேங்கறாரு..." நல்லது. நல்ல பிள்ளை. பேசு. அங்கேயே நின்று பேசு.

பத்து. பதினொன்று.

குளிரில் அவர் தாடை அடித்துக்கொண்டது. பல்லைக் கடித்து அதையும் நிறுத்தினார்.

இருபது.

"சரி, சரி, நான் எறங்கல," என்றாள் கைபேசியில், அழுதுகொண்டே. "இங்கயே நிக்கறேன். சீக்கிரம் வாங்க."

இருபத்தொன்பது.

வேண்டாம்.

முப்பது.

இரண்டு சுண்டு.

தோளிலிருந்து இரண்டு கைகளும் மேலே எழுந்தன. விழுந்தன. எழுந்தன. வாய் திறந்தது. கத்த முயன்றார், கீழே இழுபட்ட நெஞ்சில் காற்று இல்லை. வாய் திறந்து மூடியது, திறந்து மூடியது.

ஷெல்பி கைபேசியைக் காதிலிருந்து எடுத்தாள்.

"அப்பா? கூப்பிடறீங்களா? இதோப்பா... இதோ வந்துட்டேன்."

நிறுத்தம்.

செருப்பை உதறிவிட்டாள். அப்பாவின் காலடிக்குழிகள் கரையிலிருந்து வரிசையாக இறங்கின. முதல் குழிக்குள் சரியாகத் தன் காலை வைத்தாள். சேற்றுப்பரப்பு முழுவதும் லேசாக ஏறி இறங்கியது. அவள் பார்வை அவருடைய கைகளின் மேலேயே இருந்தது. இரண்டாவது குழிக்குள் காலை வைத்தாள்.