மாதாமாதம் மாறிய அறைகள்

இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. என் பல்செட்டைக் கழற்றிக் கையில் ஏந்திச் சத்தியம் செய்கிறேன்.

அமெரிக்காவின் டூசான் நகரத்துப் பழைய நெடுஞ்சாலையில், பாலைநிலா மோட்டலின் நாலாம் அறைக்குள் யாரோ இருமினார்கள். முதலில் இரண்டு வறட்டு இருமல், பிறகு விசில் மாதிரி ஓர் இழுப்பு. எவாரிஸ்தோவுக்கு அது தெரியும். அவருடைய இருமலேதான். அவரோ வாயை இறுக மூடிக்கொண்டு வெளியே, மகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

அப்பாவுக்கு மலையடிவாரத்தில் வீடு இருக்கிறது என்றுதான் சிகாகோவிலிருந்து வந்த மகள் நொயெமி நம்பியிருந்தாள். பெயின்ட் வேலை நடக்கிறது என்று சொல்லி அவளை ஹோட்டலில் தங்கவைத்திருந்தார். வீடு கைவிட்டுப் போய் ஒரு வருடமாகிறது; வாரவாடகைக்கு அவர் இருப்பது இந்த மோட்டலில். அவளோ பழைய நியான் பலகை என்றால் உயிரை விடுவாள். கேமராவும் கையுமாக நேரே இங்கேயே இழுத்து வந்துவிட்டாள்.

"இந்த இடம் உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"எனக்கெப்படித் தெரியும்? கண்ட கண்ட ஆளுங்க கெடக்கிற எடம். வா கண்ணு, ஹாட்டாக் விக்கிற வண்டிப் பக்கம் போய்ச் சாப்பிடலாம்."

"பசின்னா சரிங்கலாம். நீங்க ஓடப் பாக்கறீங்க" என்று சிரித்தபடி முன்னே நடந்தாள்.

இருமல் சட்டென்று நின்றது, காது கொடுத்துக் கேட்பதுபோல்.

பொழுது சாய்ந்தும் தார் கொதித்தது. எங்கோ தூரத்து மழை கிளப்பிய புழுதிவாசனையோடு, சரளை கொட்டி மூடிய நீச்சல்குளத்தின் பழைய குளோரின் நெடியும், ஜன்னல் கூலர்கள் சொட்டுச்சொட்டாக ஒழுகும் சத்தமும், கள்ளிச்செடி வடிவில் பாதி எரியும் நியான் பலகையின் ரீங்காரமும் கலந்து அவர் பிடரியில் ஊர்ந்தன. ஒரே அறையில் மாதம் முழுதாகத் தங்கிவிட்டால் சட்டப்படி குடித்தனக்காரன், சுலபத்தில் துரத்த முடியாது. அதனால் மாதம் முடியுமுன் மேனேஜர் அறையை மாற்றிவிடுவார். ஒவ்வொரு முறை காலி செய்யும்போதும் எதையோ விட்டுவிட்டு வருவதாக எவாரிஸ்தோவுக்கு ஓர் உறுத்தல். திரும்பிப் பார்ப்பார். கட்டில் வெறுமையாக இருக்கும்.

ஐந்தாம் அறை ஜன்னலில், வெயிலுக்கு ஒட்டிய அலுமினியத்தாளின் ஓரம் விலகியது.

ஒரு கண்.

ஆறாம் அறையிலும். ஏழிலும். எல்லாம் அவர் காலி செய்துவிட்டு வந்த அறைகள். எல்லாம் அவர் கண்கள். கோபமில்லை அவற்றில். அவரைப் பார்க்கக் கூசின.

"அப்பா, யாரோ என் பேரச் சொல்றாங்க."

எட்டாம் அறை. இப்போது அவர் இருக்கும் அறை. சாவி அவர் பையில்.

கதவு திறந்தது. குதிகால் தேய்ந்த அவருடைய செருப்பு. அவருடைய பழைய சட்டை. அவர் முகம்.

"இதான் கண்ணு என் வீடு. உங்கிட்ட மறைச்சுட்டேன். வெக்கமா இருந்துச்சு."

"என்னப்பா இது... எங்கிட்ட என்ன வெக்கம்?" நொயெமி தேம்பினாள். அந்தத் தோளைக் கட்டிக்கொண்டாள்.

எவாரிஸ்தோவுக்குக் கத்தவேண்டும்போல் இருந்தது. அது நானில்லை, அது என் அறை என்று. என் அறை. தெரியாத இடம் என்று சொன்ன வாய்க்கு அந்தச் சொல் வரவில்லை. அவள் ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். வெறும் முற்றத்தைப் பார்ப்பதுபோல்.

பிறகு உள்ளே போனாள்.

கதவு மூடிக்கொண்டது. பையில் சாவி இல்லை. உள்ளேயிருந்து யாரோ அலுமினியத்தாளை ஜன்னலில் அழுத்தி ஒட்டினார்கள், மெதுவாக, நாலு மூலையும். தலைக்கு மேலே நியான் பலகையில் 'இடம் உண்டு' துடித்து அணைந்து, 'இடமில்லை' என்று சிவந்தது.

எனக்கு இந்த வயதிலும் ஒரு பல்கூட விழவில்லை.