டிரைவர் அக்காவின் தூக்கமும் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும்

அவளுக்கு அம்மாவும் அப்பாவும் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அதை யார் கூப்பிட்டார்கள்? தெருவுக்கே அவள் 'உடும்பு'தான். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான். லேசில் விட மாட்டாள்.

இந்தத் தடவை அவள் பிடித்துக்கொண்டது பள்ளி விழா மேடையை.

"மூணு பேரும் சேர்ந்து ஒரு பாட்டை முழுசா வாசிச்சுக் காட்டுங்க. வெள்ளிக்கிழமை கேக்கறேன். நல்லா இருந்தா மேடை உங்களுக்கு" என்று பாட்டு டீச்சர் சொல்லியிருந்தார்.

மூன்று பேர் என்றால் உடும்பு, குச்சி, பஞ்சு. குச்சி, ஒல்லியாக உயரமாக வளர்ந்துகொண்டே போகிற பையன். பஞ்சு, மெதுவாகப் பேசுகிற பெண்; அவள் தலைமுடி மட்டும் யார் பேச்சையும் கேட்காமல் நாலா பக்கமும் பறக்கும்.

மூவரிடமும் எலெக்ட்ரிக் கிட்டார் இருந்தது. உடும்பின் கிட்டார், அம்மா கல்லூரியில் வாசித்தது. குச்சியுடையது, அண்ணனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. பஞ்சுவின் கிட்டாரில் கம்பியை முறுக்கும் ஆணி ஒன்று உடைந்துபோயிருந்தது. அதை மட்டும் இடுக்கியால்தான் திருக வேண்டும்.

ஆனால் ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் எலெக்ட்ரிக் கிட்டார் வாய் திறக்காது. மூவருக்கும் சேர்த்து இருந்தது ஒரே ஒரு ஆம்ப்ளிஃபயர்: உடும்பின் அம்மாவுடைய பழைய மரப்பெட்டி. அம்மா வாங்கியபோதே அது பழசாம். குச்சி அதற்கு 'தாத்தா' என்று பெயர் வைத்துவிட்டான்.

"உள்ள பல்பு மாதிரி கண்ணாடிக் குழாய் இருக்கு. அது சூடானாதான் சத்தம் வரும். அவசரப்படாதே" என்று அம்மா சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

"சரிம்மா, சரிம்மா" என்றாள் உடும்பு. ஒயரைத் தேடுகிற மும்முரத்தில் ஒரு வார்த்தையும் அவள் மண்டையில் ஏறவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விட்டதும், உடும்பின் வீட்டுக்குக் கீழே கார் நிறுத்தும் அறையில் மூவரும் கூடினார்கள். அங்கே கார் கிடையாது. உடைந்த நாற்காலிகளும் ஒரு சைக்கிளும்தான். பெட்டியை மூலையில் இருந்த தண்ணீர்க் குழாயோடு சாய்த்து வைத்து, உடும்பு சுவிட்சைப் போட்டாள். சிவப்பு விளக்கு எரிந்தது. கம்பியைத் தட்டினாள். சத்தமே இல்லை.

"வால்யூமைக் கூட்டு" என்றான் குச்சி.

கூட்டினாள். ஊஹூம்.

"இன்னும் கூட்டு!"

கடைசி வரை திருகியாகிவிட்டது. தாத்தா வாயே திறக்கவில்லை.

"அவ்ளோதான். தாத்தா போய்ச் சேர்ந்துட்டார்" என்று குச்சி தரையில் உட்கார்ந்தான்.

பெட்டியின் பின்னால் கண்ணாடிக் குழாய்கள் மெல்லச் சிவந்ததை யாரும் கவனிக்கவில்லை. உடும்புக்குக் கோபம் தலைக்கேறியது. ஆறு கம்பிகளையும் சேர்த்து ஓங்கி ஓர் இழு இழுத்தாள்.

ட்ட்ராஆஆங்!

அலமாரியில் இருந்த ஆணி டப்பா கீழே விழுந்து உருண்டது. குச்சி பயந்து பஞ்சுவைப் பிடித்துக்கொண்டான். பஞ்சு துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டாள்.

சத்தம் அடங்குவதற்குள் மாடிப்படியில் தடதடவென்று காலடி கேட்டது. மாடி வீட்டு டிரைவர் அக்கா! ஒரு காலில் தன் செருப்பு, இன்னொரு காலில் வேறு யாருடையதோ. கண் இரண்டும் சிவந்திருந்தன.

"இப்பதான் கண்ணை மூடினேன். ராத்திரி முழுக்க நான் பஸ் ஓட்டணும். உள்ள இருக்கறவங்க எல்லாரும் என்னை நம்பித் தூங்குவாங்க. நான் தூங்கி விழுந்தா என்ன ஆகும், சொல்லுங்க பாப்போம்?"

அக்கா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று உடும்புக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தது.

வேலையிலிருந்து வந்ததும் அம்மாவுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. "இன்னொரு தடவை அவங்க தூக்கம் கெட்டுதுன்னா, பெட்டி இந்த வீட்ல இருக்காது. ஒரே பேச்சு" என்றார்.

மறுநாள் பள்ளியிலிருந்து திரும்பும்போது குச்சி சொன்னான். "அக்கா வேலைக்குப் போனப்புறம் வாசிப்போம்."

"அப்போ தெருவே தூங்கும். எல்லாரும் செருப்போட வருவாங்க" என்றாள் பஞ்சு.

"அப்போ விட்டுடலாமா?"

"விடறதாவது!" என்றாள் உடும்பு. "மேல எவ்ளோ கேக்குதுன்னு இங்கேருந்து எப்படித் தெரியும்? அங்க போய்க் கேட்டாதானே தெரியும்?"

நேராக மாடிக்குப் போனாள். அக்கா படுக்கப் போகிற நேரம்.

"அக்கா, நேத்து பண்ணினது தப்பு. மன்னிச்சிடுங்க. உங்க ரூம்ல கொஞ்ச நேரம் உக்காந்துக்கவா? கீழ மெதுவா வாசிப்பாங்க. உங்க காதுக்கு எப்படிக் கேக்குதுன்னு நான் பாக்கணும்."

அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நல்ல ஆளு நீ! சரி, உக்காரு. கொஞ்ச நேரம்தான்."

கீழே அறை வாசலிலிருந்து தெரியும்படி ஜன்னலில் சிவப்புத் துண்டு ஆட்டினால் நிறுத்த வேண்டும். வெள்ளைத் துண்டு என்றால் வாசிக்கலாம். இதுதான் பேச்சு.

குச்சி வாசித்தான். அறை முழுவதும் 'ங்ங்ங்' என்று அதிர்ந்தது. சிவப்புத் துண்டு. வால்யூமைக் குறைத்தான். மறுபடியும் 'ங்ங்ங்'. அலமாரியில் டம்ளர் கிணுகிணுத்தது. மறுபடியும் சிவப்புத் துண்டு.

"இதுக்கு மேல குறைச்சா எனக்கே கேக்காது!" என்று கீழேயிருந்து கத்தினான் குச்சி.

உடும்பு வெள்ளைத் துண்டை ஆட்டி வாசிக்கச் சொல்லிவிட்டு, ஜன்னலில் காதை வைத்தாள். அங்கே அவ்வளவு சத்தமில்லை. சுவரில் வைத்தாள். கட்டிலைத் தொட்டாள், அது நடுங்கியது. கட்டிலின் தலைப்பக்கம் ஒரு தண்ணீர்க் குழாயை ஒட்டியிருந்தது. குழாயைத் தொட்டதும் விரலே கூசியது.

"அக்கா! சத்தம் ஜன்னல் வழியா வரல. இந்தக் குழாய்ல ஏறி வருது! கீழ பெட்டியை இதுலதான் சாச்சு வச்சிருக்கோம்!"

"அட!" என்று அக்காவும் தொட்டுப் பார்த்தார்.

"பெட்டியை நகர்த்திடறேன். அடியில வைக்க மெத்துன்னு ஏதாவது இருக்குமாக்கா?"

அக்கா யோசித்துவிட்டுப் பரண்மேலிருந்து ஒரு பழைய பஸ் டியூபை இழுத்துப் போட்டார். "நீச்சல் கத்துக்கலாம்னு வச்சிருந்தேன். எங்க, தூங்கவே நேரமில்ல."

குச்சி சைக்கிள் பம்பால் மூச்சு வாங்க வாங்கக் காற்றடித்தான். அறையின் நடுவில் டியூப், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் தாத்தா. "ராஜா மாதிரி உக்காந்துட்டார்" என்றான்.

சுவிட்சைப் போட்டார்கள். இந்தத் தடவை ஒருவரும் வால்யூமைத் தொடவில்லை. கண்ணாடிக் குழாய்கள் சிவக்கும் வரை வாயைப் பொத்திக்கொண்டு காத்திருந்தார்கள். பிறகு உடும்பு மாடிக்கு ஓடினாள்.

கீழே இருவரும் வாசிக்க ஆரம்பித்தார்கள். மேலே ஏதோ தூரத்து வீட்டில் ரேடியோ பாடுவது போல லேசாகத்தான் கேட்டது. டம்ளர் அசையவில்லை. கட்டில் நடுங்கவில்லை.

"அக்கா, இப்போ எப்படி..." என்று திரும்பினாள்.

அக்கா கட்டிலில் உட்கார்ந்தபடியே குழாயோரச் சுவரில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போயிருந்தார்.

உடும்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு போர்வையைப் போர்த்திவிட்டாள். திரையை இழுத்து மூடினாள். வெள்ளைத் துண்டை ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஆட்டு என்று ஆட்டிவிட்டு, பூனை நடையில் கீழே வந்தாள்.

மூன்று ஒயர்களையும் சொருகினார்கள். நடுவில் பஞ்சுவின் கம்பி தளர்ந்தது. இடுக்கியால் திருகிவிட்டு மறுபடி முதலிலிருந்து. அடுத்து குச்சி தாளத்தை முந்தி ஓடிவிட்டான். மறுபடி முதலிலிருந்து. கடைசியில் எங்கும் தடுக்காமல் முழுப் பாட்டும் வந்தது. மூவருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை.

வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தார், கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல். "என்ன சொன்னேன் நான்? அவங்க தூங்க வேண்டாமா?"

உடும்பு அம்மாவின் கையைப் பிடித்து மூலைக்கு இழுத்துப்போய், தண்ணீர்க் குழாயில் காதை வைக்கச் சொன்னாள்.

அம்மா வைத்தார். மேலேயிருந்து குழாய் வழியாக இறங்கி வந்தது: "கொர்ர்ர்ர்... கொர்ர்ர்ர்..."

அம்மா உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை, சிரித்துவிட்டார். "சரி, சரி. பெட்டி இங்கேயே இருக்கட்டும். இன்னொரு தடவை வாசிங்க, நானும் கேக்கறேன்."

"வாசிக்கறோம் ஆன்ட்டி" என்றான் குச்சி, காதைக் குழாயிலிருந்து எடுக்காமல். "ஆனா இந்தச் சத்தத்துக்கு நாங்க யார்கிட்ட போய்ப் புகார் சொல்றது?"